இண்டியானா 2024: சிக்னெட்டியின் முதல் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 ஜனவரியில் இண்டியானா பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய சாம்பியன் ஆனது. அதன்பிறகு, இந்த ஆட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் "இவங்க எப்பவும் தோக்குற டீம்தானே, எப்படி?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கான பதில் அதற்கு முந்தைய சீசனில் இருக்கிறது. 2024-இல் கர்ட் சிக்னெட்டி புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் வருடம் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பக்கம்.

எனக்கு அமெரிக்கக் கால்பந்தே தெரியாது. இதைப் படிக்க எவ்வளவு தெரிந்தால் போதும்?

பக்கத்துக்கு 11 பேர். 100 கஜ மைதானம். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதோடு கூடுதலாக ஒன்றோ இரண்டோ சேர்க்கலாம். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. முன்னேற வழியில்லை என்றால் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடுவது பன்ட். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அவரை எதிரிகள் வந்து அமுக்காமல் முன்னால் மதில் மாதிரி நிற்கும் ஐந்து பேர் ஆஃபென்சிவ் லைன். இந்த ஐந்து பேரை மறக்க வேண்டாம், பின்னால் வருவார்கள்.

கல்லூரி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிவரை, 12 ஆட்டங்கள். அதற்குப் பிறகு நன்றாக ஆடியவர்களுக்கு பிளே-ஆஃப்.

இண்டியானா அவ்வளவு மோசமான அணியா?

ஆமாம், சந்தேகமே வேண்டாம். 2024 தொடங்கும்போது முதல்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் மிக அதிக ஆட்டங்களைத் தோற்ற அணி என்ற பட்டம் அவர்களிடம்தான் இருந்தது. தோல்விகள் 700-ஐத் தாண்டியிருந்தன. ஒரே சீசனில் 10 ஆட்டங்களை அவர்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. அவர்கள் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென் கான்ஃபரன்ஸின் பட்டத்தைக் கடைசியாகத் தொட்டது 1967-இல், அதுவும் மற்ற அணிகளோடு பங்குபோட்டு. அந்தப் புண்ணியத்தில் 1968 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் ஆடப் போய் 14-3 என்று தோற்று வந்தார்கள். சீசன் முடிந்து ஆடும் பவுல் ஆட்டம் ஒன்றை அவர்கள் கடைசியாக வென்றது 1991-இல்.

பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டன் ஊரின் உயிர் கூடைப்பந்து. அதில் ஐந்து தேசியப் பட்டங்கள். 1976-இல் பயிற்சியாளர் பாப் நைட்டின் அணி ஒரு ஆட்டமும் தோற்காமல் 32-0 என்று முடித்தது. கால்பந்து நாளில் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே புல்வெளியில் கிரில் அடுப்பைப் பற்றவைத்து, சாப்பிட்டு, குடித்து, அப்படியே உள்ளே போகாமல் வீட்டுக்குப் போவது அங்கே பழகிப்போன வேடிக்கையாக இருந்தது.

பழைய பயிற்சியாளரை ஏன் அனுப்பினார்கள்?

டாம் ஆலன் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். 2019-இல் 8-5 (8 வெற்றி, 5 தோல்வி), கோவிட் ஆண்டான 2020-இல் 6-2 என்று நம்பிக்கை கொடுத்தார். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை: 2021-இல் 2-10, 2022-இல் 4-8, 2023-இல் 3-9. கடைசி ஆட்டம் ஜென்ம எதிரியான பர்டூவிடம் 35-31 தோல்வி. மறுநாளே, 2023 நவம்பர் 26 அன்று, வேலை போனது. ஒப்பந்தத்தை முறித்ததற்காகப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 1 கோடியே 55 லட்சம் டாலர். ஆலன் அடுத்த ஆண்டு பென் ஸ்டேட்டில் தடுப்பாட்டப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார்.

கர்ட் சிக்னெட்டி யார்?

1961-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை ஃபிராங்க் சிக்னெட்டியும் கல்லூரிப் பயிற்சியாளர்தான்; கல்லூரிக் கால்பந்தின் புகழ்மாளிகையில் அவர் பெயர் இருக்கிறது. மகன் வெஸ்ட் வர்ஜீனியாவில் குவாட்டர்பேக்காக ஆடினார், பிறகு பல கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளர். 2007-இல் அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் அமைத்த முதல் குழுவிலேயே இருந்தார். 2009-இல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனபோதும் அங்கேதான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அலபாமா போன்ற இடத்தை விட்டுவிட்டு, 2011-இல் இரண்டாம் நிலைக் கல்லூரியான இண்டியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். (பெயரில் இண்டியானா இருந்தாலும் இது பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் வேறு கல்லூரி. அவருடைய அப்பா பயிற்சியளித்த அதே இடம்.) சம்பளம் சரிந்தது, டிவி வெளிச்சம் போனது. ஆனால் அங்கே ஆறு சீசனில் 53 வெற்றி, 17 தோல்வி. அடுத்து ஈலானில் இரண்டு சீசன், 14-9. பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஐந்து சீசன், 52-9. ஆக 119 வெற்றி, 35 தோல்வி. வென்றதைவிட அதிகம் தோற்ற சீசன் ஒன்றுகூட இல்லை. இண்டியானா அவரை 2023 நவம்பர் 30 அன்று அழைத்தபோது வயது 62. இந்த வயதில் பெரிய வாய்ப்பு வருவது இந்தத் தொழிலில் அபூர்வம்.

'கூகுள் பண்ணிப் பாருங்கள்' என்று சொன்னது உண்மையா?

உண்மை. 2023 டிசம்பரில் செய்தியாளர் சந்திப்பில், இங்கே வந்து சேரும்படி ஆட்டக்காரர்களை எப்படி நம்பவைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ரொம்ப எளிது, நான் ஜெயிப்பவன், கூகுள் பண்ணிப் பாருங்கள் என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. (மனிதர் டச்டவுன் விழும்போதும் சிரிப்பதில்லை. யாரோ கடன் வாங்கித் திருப்பித் தராததுபோல ஒரு முகம்.)

அதற்கும் முன்பே, பதவியேற்ற சூட்டோடு கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே மைக்கைக் கையில் கொடுத்தபோது, பர்டூ மட்டமான அணி, மிச்சிகனும் ஓஹையோ ஸ்டேட்டும்கூட அப்படித்தான் என்று ஒரு போடு போட்டார். அரங்கம் அதிர்ந்தது. வெளியே இருந்தவர்கள் வாய்ச்சவடால் என்று சிரித்தார்கள். பிக் டென் அந்த ஆண்டு 18 அணிகளாகப் பெருத்திருந்தது. சீசனுக்கு முன் செய்தியாளர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் இண்டியானாவுக்குக் கிடைத்த இடம் 17.

கூகுள் செய்து பார்த்திருந்தால் அந்த 119-35 கண்ணில் பட்டிருக்கும். சவடால் என்று சிரித்தவர்களில் பாதிப்பேர் அதைச் செய்யவில்லை என்பது என் சந்தேகம்.

ஒரே வருடத்தில் அணியை எப்படி மாற்றினார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகப் பார்ப்போம்.

கல்யாணச் சமையலுக்கு வரும் தலைமைச் சமையல்காரர் தன்னுடைய ஆட்களையும் கரண்டிகளையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவாரே, சிக்னெட்டி அப்படி வந்தார். ஜேம்ஸ் மேடிசனில் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்ட மைக் ஷானஹன், தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிரையன்ட் ஹெயின்ஸ் இருவரும் கூடவே வந்தார்கள். கூட வந்த ஆட்டக்காரர்கள் 13 பேர். லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தின் நடுவரிசை) ஏய்டன் ஃபிஷர், குவாட்டர்பேக்கை விரட்டிப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட மிகைல் கமாரா, ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) எலைஜா சராட், ஆள் குள்ளமானாலும் பந்தை மோப்பம் பிடிக்கும் டி'ஆஞ்சலோ பான்ட்ஸ், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டை சன் லாட்டன். இவர்கள் பெரிய கல்லூரிகள் எதுவும் பள்ளியிலிருந்து போட்டிபோட்டு அழைத்த பையன்கள் இல்லை. ஆனால் பயிற்சியாளர் என்ன கேட்கிறார் என்பது இவர்களுக்கு அத்துப்படி. முதல் நாள் பயிற்சியில் இண்டியானாவின் பழைய ஆட்கள் புதிய முறையைப் புரிந்துகொள்ளத் திணறும்போது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க 13 பேர் இருந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

வேறு கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மொத்தத்தில் சுமார் 30 பேர் புதிதாக இடம் மாறி வந்தவர்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு ஒரே அளவுகோல்: ஏற்கெனவே களத்தில் ஆடிக் காட்டியிருக்க வேண்டும். ஆறடி ஐந்தங்குல உயரம், மின்னல் வேகம், 'எதிர்காலத்தில் பெரிய ஆளாக வருவான்' போன்ற ஜாதகமெல்லாம் அவரிடம் செல்லாது. சிறிய கல்லூரியில் மூன்று வருடம் தொடர்ந்து நன்றாக ஆடியவனா, வா. பெரிய கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நட்சத்திரமா, யோசிக்கலாம்.

பயிற்சி நேரத்தையும் சுருக்கினார். மணிக்கணக்கில் மைதானத்தில் போட்டு வாட்டுவது அவர் வழக்கம் இல்லை. குறைந்த நேரம், ஆனால் ஒவ்வொரு நிமிடமும் வேலை. நவம்பரில் மற்ற அணிகள் காலை இழுத்துக்கொண்டு ஆடும்போது இந்த அணி தெம்பாக நின்றதற்கு அது ஒரு காரணம்.

அப்படியென்றால் இது அவர் திறமையா, விதி மாற்றத்தின் புண்ணியமா?

விதிகள் மாறாமல் இது நடந்திருக்காது. முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை அப்படி உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. மாற விரும்புகிறவர்கள் பெயரைப் பதியும் பட்டியல்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரக் காசு சம்பாதிக்கலாம் என்ற என்.ஐ.எல். விதியும் சேர்ந்தது. கோவிட் ஆண்டில் ஆடியவர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடத் தகுதி கிடைத்ததால் 23, 24 வயது ஆட்கள் இன்னும் கல்லூரியிலேயே இருந்தார்கள். 18 வயதுப் பையனுக்கு எதிரே 23 வயதுக்காரன் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த விதிகள் எல்லோருக்கும் பொதுதானே? அதே போர்ட்டலில் அதே சமயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆள் பிடித்தன. கையில் அதிகப் பணம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். யாரை எடுப்பது என்பதில் சிக்னெட்டிக்கு 13 வருடப் பழக்கம் இருந்தது. சின்னக் கல்லூரிகளில் காசில்லாமல் அணி கட்டியவருக்கு, மற்றவர்கள் விட்ட ஆளைக் கண்டுபிடிக்கத்தான் தெரியும். என் கணக்கில் முக்கால் பங்கு அவருடையது, கால் பங்கு விதியுடையது.

குவாட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் பற்றிச் சொல்லுங்கள்.

கனடாக்காரர், ஒன்டாரியோவின் ஓக்வில். அண்ணன் நேதன் ரூர்க் கனடியத் தொழில்முறை லீகில் குவாட்டர்பேக். கர்டிஸ் ஓஹையோ யுனிவர்சிட்டியில் (ஓஹையோ ஸ்டேட் இல்லை, ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கும் சிறியது) ஐந்து வருடம் இருந்துவிட்டுக் கடைசி வருடத்துக்கு இண்டியானா வந்தார். வேகமாக ஓடமாட்டார், எங்கே எறிய வேண்டும் என்பதை மட்டும் சீக்கிரம் முடிவெடுப்பார். 2024-இல் 3,042 கஜம், 29 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது). ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஒன்பதாம் இடம்.

சீசன் முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது: முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்த நிலையிலேயே முழு சீசனையும் ஆடியிருக்கிறார். 2025 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை. நடுவில் அக்டோபரில் நெப்ராஸ்காவுக்கு எதிராக எறியும் கையின் கட்டைவிரல் வேறு உடைந்தது. அதற்கும் ஒரு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். 2025-இல் தொழில்முறை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அவரை ஆள் தேர்வின் (டிராஃப்ட்) ஏழாவது சுற்றில் எடுத்தது.

முதல் பத்து ஆட்டங்கள் எப்படிப் போயின?

ஃபுளோரிடா இன்டர்நேஷனலை 31-7, வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று தொடங்கினார்கள். இவை இரண்டும் யாரும் கணக்கில் வைக்காத வெற்றிகள். மூன்றாவது ஆட்டம் கலிஃபோர்னியாவில், யு.சி.எல்.ஏ.வோடு, ரோஸ் பவுல் மைதானத்தில். 42-13. பிக் டென்னுக்குப் புதிதாக வந்திருந்த யு.சி.எல்.ஏ.வுக்கு அதுதான் முதல் பிக் டென் ஆட்டம். வரவேற்பு அப்படி அமைந்தது. அதன்பிறகு சார்லட் 52-14, மேரிலாண்ட் 42-28, நார்த்வெஸ்டர்ன் 41-24.

அக்டோபர் 19, நெப்ராஸ்கா. ரூர்க் கைவிரல் காயத்தோடு வெளியேறிய பிறகு மாற்று குவாட்டர்பேக் டேவன் ஜாக்சன் உள்ளே வந்தார். ஆட்டம் ஆட்டங்கண்டதா என்றால் இல்லை, 56-7. அடுத்த வாரம் வாஷிங்டனை எதிர்த்து ஜாக்சனே தொடங்கினார், 31-17. அந்த வாரம் விளையாட்டு டிவி சேனலான ஈ.எஸ்.பி.என்.-இன் காலை நேர நிகழ்ச்சியான காலேஜ் கேம்டே புளூமிங்டனுக்கு வந்து கடைவிரித்திருந்தது. புல்வெளியில் உட்கார்ந்திருந்த கூட்டம் உள்ளே போக ஆரம்பித்து, டிக்கெட் கிடைக்காத நிலை வந்தது அந்த அக்டோபரில்தான்.

நவம்பர் 2, மிச்சிகன் ஸ்டேட். அந்த சீசனில் முதன்முறையாக இண்டியானா பின்தங்கியது, 0-10. ஒன்பதாவது ஆட்டம்வரை ஒரு நிமிடம்கூடப் பின்தங்காத அணி பதறும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதன்பிறகு தொடர்ந்து 47 புள்ளிகள் எடுத்தார்கள். 47-10.

இந்த ஒன்பது வெற்றிகளில் மிகச் சிறிய இடைவெளியே 14 புள்ளிதான்.

மிச்சிகன் ஆட்டத்தை ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

எதிரே நின்றது முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன் என்பதால். பயிற்சியாளரும் குவாட்டர்பேக்கும் போய் வலுவிழந்த மிச்சிகன்தான், இருந்தாலும் சட்டை அதே சட்டை. நவம்பர் 9, புளூமிங்டன். இடைவேளையில் 17-3. பிறகு மிச்சிகனின் தடுப்பாட்டம் கழுத்தைப் பிடித்தது; இரண்டாம் பாதி முழுவதும் இண்டியானாவால் ஒரே ஒரு ஃபீல்டு கோல்தான் போட முடிந்தது. 17-15 வரை வந்துவிட்டது. பழைய இண்டியானா என்றால் இங்கே தோற்றிருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்ததும் அதனால்தான். கடைசியில் 20-15.

10-0. பல்கலைக்கழக வரலாற்றில் முதன்முறையாகப் பத்து வெற்றிகள்.

ஒரு குறிப்பு: ஆஃபென்சிவ் லைன் பற்றி மேலே சொன்னேனே, அதன் விரிசல் இந்த இரண்டாம் பாதியில்தான் முதலில் தெரிந்தது. கொண்டாட்டத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சிக்னெட்டியின் சம்பளம் எவ்வளவு?

வந்தபோது ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் டாலர். நவம்பர் 16, ஆட்டம் இல்லாத வாரத்தில், புதிய ஒப்பந்தம்: எட்டு ஆண்டு, 7 கோடியே 20 லட்சம் டாலர். வேறு கல்லூரிகள் கொத்திக்கொண்டு போவதற்குள் போட்ட பூட்டு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் இந்தக் கேள்வி நூறு வருடமாகக் கேட்கப்படுகிறது.

ஓஹையோ ஸ்டேட்டிடம் என்ன ஆயிற்று?

நவம்பர் 23, கொலம்பஸ். இரண்டாம் இடத்து அணிக்கும் ஐந்தாம் இடத்து அணிக்கும் ஆட்டம். முதல் முறை பந்து கிடைத்தவுடனேயே இண்டியானா டச்டவுன் போட்டு 7-0 என்று முந்தியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரே சறுக்கல்.

ஆட்டம் திரும்பியது பன்ட்டில். முதல் பாதி முடியும் தறுவாயில், பந்தை உதைக்க வேண்டியவர் பின்னால் வந்த பந்தைக் கையில் சரியாகப் பிடிக்கவில்லை. தடுமாறுவதற்குள் ஓஹையோ ஸ்டேட் ஆட்கள் வந்து அமுக்கிவிட்டார்கள்; எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் பந்து கிடைத்து ஒரு டச்டவுன், 14-7. மூன்றாவது கால்பகுதியில் மறுபடியும் பன்ட். இந்த முறை பந்து ஒழுங்காகப் போனது, ஆனால் அதைப் பிடித்த கேலெப் டவுன்ஸ் 79 கஜம் ஓடி வந்து டச்டவுன் போட்டார். 21-7. ரூர்க்கை ஐந்து முறை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். அவர் எறிந்து எடுத்த தூரம் மொத்தம் 68 கஜம். 38-15.

பர்டூ ஆட்டத்தில் ஒரு வாளி கொடுக்கிறார்களாமே?

ஓல்டு ஓக்கன் பக்கெட். 1925 முதல் இண்டியானாவும் பர்டூவும் இந்தப் பழைய மர வாளிக்காக ஆடுகின்றன. வாளியின் கைப்பிடியிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். வென்ற அணியின் முதலெழுத்தை, இண்டியானாவுக்கு 'ஐ', பர்டூவுக்கு 'பி', உலோகத்தில் செய்து ஒவ்வொரு ஆண்டும் அந்தச் சங்கிலியில் கோப்பார்கள். சங்கிலியைப் பார்த்தாலே போதும், எந்தப் பக்கம் எத்தனை வருடம் அழுதது என்று தெரிந்துவிடும். 'பி' எழுத்துதான் அதிகம்.

நவம்பர் 30 அன்று 66-0. இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். ரூர்க் ஆறு டச்டவுன் எறிந்தார். மறுநாள் பர்டூ தன் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கியது. ஓஹையோ ஸ்டேட்டிடம் பட்ட கோபத்தையும் சேர்த்து இங்கே தீர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் பதவியேற்ற நாளிலேயே மைக்கில் சொன்னவர் ஆயிற்றே.

எளிய அட்டவணையால்தான் ஜெயித்தார்கள் என்பது சரியா?

பாதி சரி. வழக்கமான சீசனில் இண்டியானா சந்தித்த அணிகளில் தரவரிசையின் முதல் பத்து இடத்துக்குள் இருந்தது ஓஹையோ ஸ்டேட் ஒன்றுதான். பிக் டென் பட்டத்துக்கு மோதிய ஒரிகனும் பென் ஸ்டேட்டும் அந்த ஆண்டு அவர்கள் அட்டவணையிலேயே இல்லை. மூன்று தோல்வியோடு நின்ற அலபாமா, ஓல் மிஸ், சவுத் கரோலைனா ஆகிய அணிகளுக்கு பிளே-ஆஃபில் இடமில்லை, இண்டியானாவுக்கு உண்டு என்றதும் தென்மாநில ரசிகர்கள் கொதித்தார்கள்.

மறுபாதி என்னவென்றால், அட்டவணையை ஆட்டக்காரர்கள் போடுவதில்லை. சீசன் தொடங்கும் முன்பே தீர்மானிக்கப்படுவது. எதிரே வருபவனை அடிப்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது. அவர்கள் அடித்த அடி சாதாரணமானது இல்லை. 13 ஆட்டங்களில் 537 புள்ளி எடுத்து 203 கொடுத்தார்கள். சராசரி 41-க்கு மேல். இன்னொன்று, அவர்கள் தோற்ற இரண்டே அணிகளும்தான் கடைசியில் தேசிய இறுதியாட்டத்தில் மோதின. இதை அட்டவணை வாதக்காரர்கள் சொல்லமாட்டார்கள்.

நோட்ர டாம் ஆட்டம் அவமானமா?

12 அணிகள் ஆடும் பிளே-ஆஃப் முறை தொடங்கிய ஆண்டு அது. அதன் முதல் ஆட்டமே இதுதான். டிசம்பர் 20, நோட்ர டாமின் ஊரான சவுத் பெண்ட், நடுங்கும் குளிர், ஒரே மாநிலத்தின் இரண்டு கல்லூரிகள். இண்டியானா பத்தாம் இடம், நோட்ர டாம் ஏழாம் இடம். ஆட்டத்துக்கு முன் டிவியில் சிக்னெட்டி, முதல் 25-க்குள் இருக்கும் அணிகளை நாங்கள் சும்மா ஜெயிப்பதில்லை, புரட்டியெடுப்போம் என்ற பொருளில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையோடு பேசிவிட்டு வந்தார். அன்றைக்கு அது தேவையில்லாத பேச்சு.

முதல் கால்பகுதியில் ரூர்க் எறிந்த பந்தை நோட்ர டாமின் சேவியர் வாட்ஸ் எல்லைக்கோட்டருகே பறித்தார். அங்கிருந்து ஜெரமையா லவ் பந்தை வாங்கி, இடைவெளியில் நுழைந்து, யார் கைக்கும் அகப்படாமல் மைதானத்தின் மறுமுனைவரை ஓடினார். 98 கஜம். அதன்பிறகு இண்டியானா எழவே இல்லை. கடைசிக் கால்பகுதியில் 20-3 என்று பின்தங்கியிருக்கும்போது, வாய்ப்பைப் பயன்படுத்திப் பார்க்காமல் பந்தைப் பன்ட் அடித்துக் கொடுத்தார் சிக்னெட்டி. 17 புள்ளி பின்னால் இருப்பவன் எதைக் காப்பாற்றப் பார்க்கிறான்? எனக்கு இன்றைக்கும் விளங்காத முடிவு. நோட்ர டாம் இன்னொரு டச்டவுன் போட்டு முடித்தது. கடைசி நிமிடங்களில் இண்டியானா இரண்டு டச்டவுன் எடுத்ததால் 27-17 என்று கௌரவமாகத் தெரிகிறது. ஆட்டம் அவ்வளவு நெருக்கமாக இல்லை.

அவமானம் என்று சொல்லமாட்டேன். ஓஹையோ ஸ்டேட்டிடம் எங்கே அடிபட்டார்களோ அதே இடத்தில் அடிபட்டார்கள்: முன்வரிசை. பெரிய உடம்புகளுக்கு எதிரே அந்த ஐந்து பேரால் நிற்க முடியவில்லை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வேகத்தையும் அறிவையும் கொண்டுவர முடிந்தது, 150 கிலோ ஆட்களைக் கொண்டுவர முடியவில்லை.

முடிவில் என்ன கிடைத்தது?

11-2, பிக் டென்னில் 8-1, செய்தி நிறுவனமான ஏ.பி.யின் தரவரிசையில் பத்தாம் இடம். சிக்னெட்டிக்கு ஏ.பி.யின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது.

இவர்கள் உண்மையிலேயே படிக்கிறார்களா?

வகுப்பில் பெயர் இருக்க வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், இல்லாவிட்டால் ஆட முடியாது. பட்டம் முடித்துவிட்டு முதுகலையில் சேர்ந்து ஆடுகிறவர்களும் நிறைய.

அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள்?

சராட், பான்ட்ஸ், ஃபிஷர், கமாரா நால்வரும் போகாமல் இருந்தார்கள், ஷானஹனும் ஹெயின்ஸும்கூட. குவாட்டர்பேக்காக கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி அணியிலிருந்து ஃபெர்னாண்டோ மென்டோசா வந்தார், ஹைஸ்மன் விருதையும் வாங்கினார். பிக் டென் இறுதியாட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டை 13-10, ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3, அரையிறுதியில் ஒரிகனை 56-22, 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21. மொத்தம் 16-0.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த இடைவெளியில் செய்த மிகச் சிறந்த வேலை வேறு. முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் இடத்துக்கு பேட் கூகன் என்பவரைக் கூட்டிவந்தார்கள். எங்கிருந்து என்றால், நோட்ர டாமிலிருந்து. சவுத் பெண்டின் அந்தக் குளிரில் இண்டியானாவை எதிர்த்து ஆடிய அதே சென்டர்.